யாரோடு சண்டை என்று அது சொல்லாது

அன்று பூண்டுக் காட்டில் இருந்தவர்கள்: நான். என் வீட்டுக்காரரின் தங்கை சரோஜா. மேட்டுத் தெரு லட்சுமி. லட்சுமியின் அக்கா முத்துப்பேச்சி. காது மந்தமான வேலம்மாள். கல்யாணமாகி மூன்று மாதமான நந்தினி. மேஸ்திரி காளியப்பன் அண்ணன். ஏழு பேர்.

என் பெயர் பாண்டியம்மாள். ஊர் பேத்துப்பாறை. ஐந்தாவது வரை படித்தேன். நடந்ததை எழுதிக் கொடு, கூட்டத்தில் வாசிக்கலாம் என்று மகளிர் குழுவில் கேட்டார்கள். நின்று பேச எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். இன்று காலை மூன்று இட்லி சாப்பிட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் பயந்துகொண்டு கேட்க வேண்டாம்.

மேல்மலையில் பூண்டு பிடுங்கும் வேலை. வெள்ளனே ஜீப்பில் ஏறினால் ஏழரைக்குக் காட்டில் இறங்குவோம். மண் ஈரமாக இருக்கும். விரல் மரத்துப் போகும். குனிந்தால் டீ வரும்போதுதான் நிமிர்வது. பத்து மணிக்கு டீ வந்தது. டீ, பன், மாத்திரை. ஆளுக்கு ஒன்று. குடித்துவிட்டு மறுபடி இறங்கினோம்.

அரை மணி போயிருக்கும். கண் இருட்டியது. பூண்டுக் கட்டின் மேல் உட்கார்ந்தது வரை ஞாபகம் இருக்கிறது.

சரோஜாவின் குரல்தான் முதலில் கேட்டது.

"ஏய் மதினி! என்ன, சம்பளத்தோட தூக்கமா?"

பக்கத்தில் வந்து என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"அண்ணே, வெரசா ஜீப்ப எடுங்க. மொகம் சுண்ணாம்பு மாதிரி கெடக்கு."

வயிற்று வலி அதற்கு முன்பே ஏழெட்டு மாதமாக இருந்தது. சாப்பிட்டால் தொப்புளுக்குக் கீழே வலப்பக்கம் பிடிக்கும். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை வெளியே போவேன். சில நாள் கறுப்பாகப் போகும். ஜாக்கெட்டை இரண்டு முறை பிடித்துத் தைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வயிறு யாருக்குத்தான் வலிக்கவில்லை என்று நினைத்தேன்.

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் சிவப்புச் சத்து பன்னிரண்டு இருக்க வேண்டுமாம். எனக்கு ஏழு.

"ஏழ வச்சுக்கிட்டு எப்படிம்மா காட்டுல நின்னீங்க?" என்றார் டாக்டர்.

"நிக்கல சார். குனிஞ்சுதான் இருந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. எங்கோ உள்ளே ரத்தம் கசிகிறது, மதுரைக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

என் வீட்டுக்காரர் பெயர் ராசு. மிளகு பறிக்க மரத்தில் ஏறி விழுந்ததிலிருந்து அவருக்கு வலது கை தோளுக்கு மேல் வராது. வீட்டில் கூலி வருவது என் கையால்தான். பஸ் ஏறினோம். வத்தலக்குண்டு தாண்டியதும் வெக்கை அடித்தது. எல்லோரும் ஜன்னலைத் திறந்தார்கள். எனக்குக் குளிர்ந்தது. ஸ்வெட்டரோடுதான் மதுரை ஆஸ்பத்திரிக்குள் போனேன்.

"அக்கா, இந்த வெயில்ல ஸ்வெட்டர் போட்டு வந்த மொத ஆளு நீங்கதான்" என்றாள் வார்டு நர்ஸ்.

"மலையில இருந்து வந்தவுக சிஸ்டர்" என்றார் இவர். என்னமோ நான் வெளிநாடு மாதிரி.

காத்திருக்கும் இடத்தில் நாற்காலிகளை ஒரே இரும்புக் கம்பியில் பிணைத்திருந்தார்கள். ஒருத்தர் எழுந்தால் ஆறு பேரும் ஆடுவோம். நாலு மணி நேரம் ஆடினோம். அப்புறம் கூப்பிட்டார்கள்.

குடல் டாக்டர் ஒரு அம்மா. நிதானமாகக் கேட்டார்.

"சுகர் இருக்கா? பிரஷர்? முன்னாடி ஆபரேஷன் ஏதும்? வீட்ல யாருக்காச்சும் டி.பி.? வேற ஏதாவது மருந்து மாத்திரை சாப்பிடுறீங்களா?"

எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து இல்லை.

படுக்கை கொடுத்தார்கள். ரத்தம் ஒரு பாட்டில் ஏற்றினார்கள். யாரோ கொடுத்த ரத்தம். அன்று சாயங்காலமே ஸ்வெட்டரைக் கழற்றினேன். வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள். அப்புறம் லேப்புக்கு அனுப்பினார்கள்.

லேப்பில் ஒரு சின்னப் பெண். விரல் நீளத்துக்கு ஒரு டப்பா தந்தாள். மூடியிலேயே குட்டிக் கரண்டி ஒட்டியிருந்தது.

"இதுல மலம் எடுத்துட்டு வாங்கம்மா. கரண்டி அளவு போதும்."

"ரத்தம்தான் எடுத்தாச்சே. இதுல என்ன தாயி தெரியும்?"

கேட்டால் சொல்கிற பெண் அவள். வரிசை நின்றது, ஆனாலும் சொன்னாள். நான் விளங்கிக்கொண்டதை எழுதுகிறேன்.

ரத்தத்தில் வெள்ளை அணு இருக்கிறது. உடம்பில் எங்கே புண் வந்தாலும் கிருமி வந்தாலும் அது அங்கே ஓடும். அந்த அணுவுக்குள் ஒரு புரதம் நிறைய இருக்கிறது. கால்புரொடெக்டின் என்று பெயர். அதைச் சொல்லிப் பழக எனக்கு இரண்டு நாள் ஆனது. அது கால்சியத்தைப் பிடிக்கிற புரதம். கால்சியம் என்றால் எலும்பில் இருக்கிற சுண்ணாம்புச் சத்துதான். கால்சியம் வந்து ஒட்டியதும் அந்தப் புரதத்தின் பிடி இறுகிவிடும். சுற்றி இருக்கிற துத்தநாகம், மாங்கனீசு எல்லாவற்றையும் கவ்விக்கொள்ளும். கிருமி வளர அவை வேண்டும். கிடைக்காமல் கிருமி பட்டினி கிடக்கும்.

எங்கள் பக்கம் விதைப் பூண்டை அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தொங்கவிடுவோம். எலிக்கு எட்டக் கூடாது என்பதும் ஒரு காரணம். அந்த மாதிரி என்று வைத்துக்கொண்டேன்.

குடலில் புண் இருந்தால் வெள்ளை அணுக்கள் அங்கே கூடும். கூடிச் சாகும்போது இந்தப் புரதம் குடலுக்குள் கொட்டும். மற்றதெல்லாம் குடலில் செரித்துவிடும். இது கால்சியத்தைப் பிடித்திருப்பதால் சீக்கிரம் செரிக்காது. அப்படியே வெளியே வரும். அதை அளக்கிறார்கள்.

"அம்பதுக்குக் கீழ இருந்தா நல்லதும்மா" என்றாள். "மேல போகப் போக உள்ள சண்டை பலமா நடக்குதுன்னு அர்த்தம்."

"யாரோட சண்டை?"

"அதச் சொல்லாது. சண்டை நடக்குதுன்னு மட்டும்தான் சொல்லும்."

அந்த டெஸ்டுக்குத் தனியாகக் காசு கேட்டார்கள். சரோஜா போனிலேயே அனுப்பிவிட்டாள். எவ்வளவு என்று கேட்டேன். "ஒன் வயித்துக்கு நான் வச்ச மொய்யின்னு வச்சுக்க" என்றாள். இன்றுவரை சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து நம்பர் வந்தது. எழுநூற்றுப் பன்னிரண்டு.

இவர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்பதுன்னாங்களே" என்றார். வெளியே போய் எனக்கு ஒரு இளநீர் வாங்கி வந்தார். தனக்கு வாங்கவில்லை.

அடுத்தது குழாய் விட்டுப் பார்ப்பது. பின்பக்கமாக ஒரு மெல்லிய குழாய், நுனியில் விளக்கும் கேமராவும். அதற்கு முன்னால் குடலைக் கழுவ வேண்டும். உப்புக் கரிக்கிற தண்ணீர் இரண்டு லிட்டர் குடிக்கச் சொன்னார்கள். குடித்தேன். அன்று முழுக்க நடையாக நடந்தேன். பக்கத்துப் படுக்கைக்கார அம்மா, "நீங்க பேசாம உள்ளேயே கட்டிலப் போட்டுக்கங்க" என்றார். அவரும் முந்தின நாள் அதே பாடுபட்டவர்தான்.

குழாய் விடும்போது அரைத் தூக்கத்துக்கு ஊசி போட்டார்கள். ஆனாலும் திரை தெரிந்தது. என் குடலை நானே பார்த்தேன். வாய்க்குள் கன்னம் இருக்கிற நிறம். ஈரமாக இருந்தது. சிறுகுடல் முடிகிற இடத்தில் புண்கள். மிளகு அளவில் நாலைந்து, வெள்ளை பூத்து, ஓரம் சிவந்து. அதில் துளித் துளியாகச் சதை கிள்ளி எடுத்தார்கள். வலிக்கவில்லை. பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

அதற்கப்புறம் காத்திருப்பு. அதுதான் கஷ்டம். வேலை செய்யாமல் நான் இருந்ததே இல்லை. இடுப்பும் முழங்காலும் வேறு குடைய ஆரம்பித்தன. படுத்தே கிடப்பதால் என்று நினைத்தேன். இவர் இடது கையால் என் துணிகளைத் துவைத்தார். பிழிய ஒரு கை போதாது. நுனியைத் தண்ணீர்க் குழாயில் சுற்றி முறுக்கிப் பிழிந்தார். பெண்கள் வார்டு வராந்தாவில் அத்தனை பேர் பார்க்கச் செய்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் என் துணியை அவர் தொட்டது அப்போதுதான்.

ஐந்தாவது நாள் டாக்டரம்மா வந்தார்.

"கேன்சர் இல்ல. டி.பி. கிருமியும் தெரியல."

இவர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"ஆனா புண் இருக்கு, அந்த நம்பரும் அவ்வளவு இருக்கு. குரோன் நோயா இருக்கலாம்னு நெனைக்கிறேன். நம்ம உடம்போட காவலே நம்ம குடல எதிரின்னு நெனச்சு அடிக்கிறது. உயிருக்கு உடனே ஆபத்து இல்ல. ஆனா முழுசாக் குணமாகாது. காலம் பூரா மருந்து. அந்த மருந்து எதிர்ப்புச் சக்தியக் கொறைக்கும். வர்ற திங்கக்கெழம ஆரம்பிப்போம்."

"காட்டு வேலைக்குப் போலாமா மேடம்?"

கொஞ்சம் யோசித்தார்.

"மண்ணு, ஈரம், குளிரு. சீக்கிரமே ஏதாச்சும் தொத்திக்கும். நான் வேணாம்னுதான் சொல்லுவேன்."

சரி என்றேன். அவர் போனதும் இவரைப் பார்த்தேன். இவர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சாவைப் பற்றிப் பயம் வரவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து மண்ணில் நிற்கிறேன். அதை விட்டு வீட்டில் உட்கார்ந்து இரண்டு பேரும் என்ன செய்வது என்பதுதான் பயம். அது எழுநூற்றுப் பன்னிரண்டை விடப் பெரிதாக இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. சரோஜா பார்க்க வந்தாள். மலையிலிருந்து பீன்ஸ் ஒரு பை, எனக்கு ரசம் சாதம், பிளாஸ்கில் டீ.

"ஆஸ்பத்திரி டீய ஒரு மனுசி குடிப்பாளா? இந்தா, நம்ம டீ." ஊற்றிக் கொடுத்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். "இதும் இருக்கு. காளியப்பண்ணன் குடுத்துவிட்டாரு. பத்து நாளைக்கு இருக்காம். இத்தன நாளா இல்லாம இடுப்பு என்னா பாடு படுத்துதோன்னு எனக்குத் தெரியும்ல."

தாளில் இருபது மாத்திரைகள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஒன்றை எடுத்துக் கையில் வைத்தேன். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனேன்.

"அது என்னம்மா?"

டாக்டரம்மா. சனிக்கிழமை ரவுண்ட்ஸுக்குச் சீக்கிரமே வருவார் என்று எனக்குத் தெரியாது.

"டீக்கு உள்ளது மேடம்" என்றேன்.

"டீக்கா?"

சரோஜாவுக்கு யார் முன்னாலும் வாய் நிற்காது. "எங்க காட்டுல டீயும் பன்னும் இதும்தான் மேடம் பத்து மணிக்கு. இதப் போட்டாத்தான் குனிய முடியும். போடலன்னா நிமிர முடியாது. நீங்களும் ஒண்ணு போட்டுப் பாருங்க, நிண்டே சோலி பாக்குறீங்க."

டாக்டரம்மா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். அப்படியே என் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் நோயாளி கட்டிலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"ஒரு நாளைக்கு எத்தன?"

"காட்டுல ஒண்ணு. சாயங்காலம் ஜீப்பு ஏறும்போது ஒண்ணு குடுப்பாரு, வீட்டுல போட."

"எத்தன வருஷமா?"

"பூண்டுக் காட்டுக்கு வந்ததுல இருந்து. ஆறு வருஷம்."

"நான் மாத்திரை சாப்பிடுறீங்களான்னு கேட்டேனேம்மா."

"அது மருந்துன்னு நெனைக்கல மேடம். நோவுக்குப் போட்டாத்தான மருந்து? இது வேலைக்குப் போடுறது."

அவர் கோபப்படவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்.

"இது கடுமையான வலி மாத்திரை. வலிய அமுக்கும். தெனமும் போட்டா குடலோட உள்தோல அரிச்சுப் புண்ணாக்கும். அந்தப் புண்ணுலயும் ரத்தம் கசியும். அதுக்கும் வெள்ளை அணு ஓடி வரும். அந்த நம்பரும் ஏறும்."

"அப்ப மதினிக்கு அந்த நோயி இல்லியா?" என்றாள் சரோஜா.

"இல்லன்னு இன்னைக்குச் சொல்ல மாட்டேன். இதாவும் இருக்கலாம், அதாவும் இருக்கலாம். ரெண்டு மாசம் இந்த மாத்திரையத் தொடக் கூடாது. வேற எந்த வலி மாத்திரையும் கூடாது. ரத்தத்துக்கு மட்டும் இரும்புச் சத்து. திங்கக்கெழம மருந்து ஆரம்பிக்க வேணாம். ரெண்டு மாசம் கழிச்சு அதே டெஸ்ட். நம்பர் எறங்குனா இது. எறங்கலன்னா அது."

அதாவது அந்த நம்பர்தான் என் காடு. இறங்கினால் உண்டு, இறங்காவிட்டால் இல்லை.

அந்த இருபது மாத்திரையையும் டாக்டரம்மா எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்தேன். முதல் இரண்டு வாரம் இடுப்பு என்னுடையதாகவே இல்லை. ஆறு வருஷ வலியும் வரிசை கட்டி வந்த மாதிரி இருந்தது. இவர் வெறும் சட்டியில் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பார். குடத்தை இடது தோளில் வைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார். வழியில் சிரித்தவர்களுக்கு, "ஒங்க வீட்டுக்கும் கொண்டாரவா?" என்று கேட்டாராம்.

மூன்றாம் வாரம் காட்டுக்குப் போனேன். காளியப்பன் அண்ணன் முகம் கொடுக்கவில்லை.

"நான் என்ன வெசத்தையா குடுத்தேன்? நானும்தான் தெனம் ரெண்டு போடுறேன்."

"நீங்க வேணும்னு குடுத்தீகன்னு நான் சொல்லலண்ணே."

"குனிய முடியாதுல்ல ஒனக்கு?"

"முடியாது."

"போத்தா, ஒக்காந்து தாளு கட்டு" என்றார். பிடுங்கிய பூண்டைத் தாளோடு, அதாவது தண்டோடு, கட்டுக் கட்டாகக் கட்டும் வேலை. உட்கார்ந்து செய்யலாம். வழக்கமாக அதைத் தன் மச்சினி லட்சுமிக்குத்தான் கொடுப்பார்.

கறுப்பாகப் போவது நின்றது. வலப்பக்கப் பிடிப்பு வாரத்துக்கு ஒரு நாள் என்று குறைந்தது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இது யாருக்கும் தெரியாது. சரோஜாவுக்கும் இவருக்கும் இதை வாசிக்கும்போதுதான் தெரியும். ஐந்தாம் வாரம் நாலு நாள் விடாமல் மழை. இடுப்பைத் திருப்ப முடியவில்லை. டீத் தட்டில் மாத்திரை இருந்தது. யாரும் பார்க்காதபோது ஒன்றை எடுத்து விழுங்கிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் வலி நின்றது. சாயங்காலம் வரை சொர்க்கம். அப்புறம் மூன்று வாரம் அந்த ஒன்றையே நினைத்துக்கொண்டு தாள் கட்டினேன். அது நம்பரை ஏற்றிவிடும் என்று பயந்தேன்.

இரண்டு மாதம் முடிந்தது. லேப் பெண் தந்து அனுப்பிய டப்பாவை நிரப்பினேன். ஒரு நாள் கூலியை விட வேண்டாம் என்று இவரே கொண்டுபோனார். டப்பாவைச் சோற்றுத் தூக்கில் வைத்து, தூக்கை மடியில் வைத்து, மதுரை வரை உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவர், "என்ன மாமா, ஊறுகாயா? இப்படிப் பொத்திப் பொத்தி வச்சிருக்கீக" என்று கேட்டிருக்கிறார். "இல்ல மாப்ள, மலைத் தேனு" என்று இவர் சொன்னாராம். "கொஞ்சம் ருசி பாக்கலாமா?" என்று கேட்டவரை எப்படிச் சமாளித்தார் என்று இதுவரை சொல்லவில்லை. கேட்டால் சிரிக்கிறார். அந்தத் தூக்கை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

முடிவைச் சரோஜாவின் போனுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. காட்டில் டவர் கிடைக்காது. மேல் மூலையில் ஒரு பாறை இருக்கிறது. அதில் ஏறி நின்றால் கிடைக்கும்.

மூன்றாவது நாள், பத்து மணி. டீ வந்தது. லட்சுமி, முத்துப்பேச்சி, வேலம்மாள், நந்தினி, காளியப்பன் அண்ணன், சரோஜா, நான். அதே ஏழு பேர். தட்டில் பன்னும் மாத்திரையும்.

சரோஜா தட்டைக் கையால் மறைத்தாள்.

"இருங்கடி. யாரும் எடுக்காதீக. இன்னைக்கு வந்துரும்னு லேப்புப் புள்ள சொல்லியிருக்கு. மதினிக்கு நம்பர் எறங்கியிருந்தா நானும் இன்னையோட விட்டுர்றேன். ஏறியிருந்தா எனக்கு ரெண்டு."

"எனக்கும் அப்படித்தான்" என்றாள் முத்துப்பேச்சி.

நந்தினி எடுத்த மாத்திரையைத் திரும்பத் தட்டில் வைத்தாள்.

"டீ ஆறுதுத்தா" என்றார் காளியப்பன் அண்ணன். அவரும் குடிக்கவில்லை.

சரோஜா பாறையில் ஏறினாள். போனைத் தூக்கிப் பிடித்தாள். அந்தப் பக்கம் திரும்பினாள், இந்தப் பக்கம் திரும்பினாள். நான் தாள் கட்டிக்கொண்டே இருந்தேன். எத்தனையாவது கட்டு என்று தெரியவில்லை. விழுங்கிய அந்த ஒன்றுதான் மனதில் இருந்தது.

போனைக் கண் அருகே கொண்டுபோனாள். உதடு அசைந்தது. எங்களுக்குக் கேட்கவில்லை.

"என்னாடி சொல்றா?" என்றாள் வேலம்மாள்.

சரோஜா இரண்டு கையையும் வாயருகே குவித்தாள். வேலம்மாளுக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"நாப்பத்தொண்ணு!"